காலி இருக்கைகளுக்கு ஒரு விதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சாரக் கார்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மைக்காலமாக வெளிவரும் செய்திகளையும், அவற்றையொட்டி வாசகர்கள் எழுதும் கடிதங்களையும் தொடர்ந்து படித்துவருகிறேன். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும், பெட்ரோல் காரைவிட மாதம் எவ்வளவு மிச்சமாகும் என்பவையே அவற்றில் பெரிதும் பேசப்படுகின்றன. வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு அந்த விவரங்கள் பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் புதுக் கார் வாங்க முடியாதவர்கள், கார் ஓட்ட இயலாத முதியவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் ஆகியோரும் அதே சாலையில் ஐந்து கிலோமீட்டரும் பத்துக் கிலோமீட்டரும் அன்றாடம் போய்வர வேண்டியிருக்கிறது. அவர்களுடைய பயணம் மலிவாகவும், காற்றைக் கெடுக்காததாகவும், எளிதில் கிடைப்பதாகவும் ஆவதற்கு அரசு இப்போதே செய்யத்தக்க ஒன்றை, அதாவது ஓடும் வண்டிகளின் காலி இருக்கைகளைப் பகிர்ந்துகொள்ள விதி வகுப்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் வேலைநாள் காலையில் எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிவரை நின்றால், ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் வெளியேறுவதைப் பார்க்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை அலுவலகங்கள் நிறைந்த சோழிங்கநல்லூருக்கோ சிறுசேரிக்கோ செல்பவை. ஐந்து பேர் அமரத்தக்க அக்கார்களில் அநேகமாக ஒருவர்தான் இருப்பார். அதே நேரத்தில், சாலையின் எதிர்ப்புறம், அதே திசையில் போகவேண்டிய பத்துப் பன்னிரண்டு பேர் ஷேர் ஆட்டோவுக்காகக் காத்து நிற்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் காலி இருக்கைகளை, வண்டியில்லாமல் நிற்கும் மக்களுக்கு முறையாகக் கொண்டுசேர்க்கும் தெளிவான விதி நம்மிடம் இல்லை. அத்தகைய விதியை வகுக்க மாநில அரசுக்குச் சட்டம் இடமளித்திருந்தும் அது வகுக்கப்படாமல் இருப்பதே என் வருத்தம்.

வகுப்பறைப் பழக்கத்தால் இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். சேலையூரிலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். போக வர 30 கிலோமீட்டர். நெரிசலில் ஒரு சிறிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 250 ரூபாய். மாதத்தின் 22 வேலைநாள்களுக்கு 5,500 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது என்பதால், நாளொன்றுக்கு ஐந்தே முக்கால் கிலோ. அதே காரில் நான்கு பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு மாதம் 1,375 ரூபாய். கரியமில வாயு நாளுக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு.

இதே தூரத்தை ஒருவர் மட்டும் மின்சாரக் காரில் போய்வந்தால் நாலரை யூனிட் அளவுக்கு மின்சாரம் செலவாகும். நம் நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கே மிகுதி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்தக் கணக்கில் தனியாளாக மின்சாரக் காரில் செல்பவருக்கு நாளுக்கு மூன்று கிலோவுக்கு மேல் வருகிறது. பழைய பெட்ரோல் காரில் இருவர் சேர்ந்து போனாலே ஆளுக்கு அதைவிடக் குறைவுதான். காற்றாலையும் சூரிய மின்சாரமும் வளர வளர இந்தக் கணக்கு மின்சாரக் காருக்குச் சாதகமாக மாறும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த மாற்றம் விரைவில் வரவேண்டும் என்றே விரும்புகிறேன். நான்கு பேர் சேர்ந்து மின்சாரக் காரில் போனால் ஆளுக்கு ஒரு கிலோகூட வராது. ஆனால் ஒருவர் மட்டும் அமர்ந்த மின்சாரக் கார் கேம்ப் ரோடு சந்திப்பில் பெட்ரோல் கார் அடைக்கும் அதே இடத்தைத்தான் அடைக்கிறது. ஆகவே இருக்கையைப் பகிர்வதும் வண்டியை மின்சாரத்துக்கு மாற்றுவதும் சேர்ந்து நடக்கவேண்டியவை. இரண்டில் எதை இன்றே, செலவில்லாமல் தொடங்கலாம் என்று கேட்டால், பகிர்வதை என்றுதான் சொல்வேன்.

இருக்கையைப் பகிர்வது நமக்குப் புதிதும் அல்ல. தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கத்திலிருந்து சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் வழியாக மேடவாக்கம் வரையிலும், அங்கிருந்து பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் வரையிலும் ஷேர் ஆட்டோக்களும், ஏழு பேர் அமரும் மேஜிக் வண்டிகளும் விடியற்காலை முதல் இரவுவரை ஓடிக்கொண்டேயிருக்கின்றன. மின்சார ரயிலைவிட்டு இறங்கி வருகிறவர்கள், பூக்கூடையோடு கோயம்பேட்டிலிருந்து திரும்பும் பெண்கள், இரவுப்பணி முடிந்து வீடு செல்லும் செவிலியர்கள், கல்லூரி மாணவர்கள் என இவற்றை நம்பியிருப்பவர்கள் எண்ணற்றோர். பேருந்து அரைமணி நேரம் வராதபோது இந்த வண்டி ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் செல்ல நான் முப்பது ரூபாய் கொடுக்கிறேன். அதே ஒன்பது கிலோமீட்டருக்குத் தனி ஆட்டோ பிடித்தால், 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணப்படியே, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று நூற்றுப் பத்து ரூபாயைத் தாண்டுகிறது. அந்தக் கட்டணத்துக்கு இன்று எந்த ஓட்டுநரும் வருவதில்லை. 2013க்குப் பிறகு எரிபொருளும் காப்பீடும் உதிரிபாகமும் ஏறியிருக்கும் ஏற்றத்தைப் பார்த்தால், அவர்கள் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது.

இவ்வளவு பேருக்குப் பயன்படும் இந்த வண்டிகள் இன்னமும் ஒளிந்து நடத்தும் தொழிலைப் போலவே நடந்துகொண்டிருக்கின்றன. எங்கே நிற்கலாம் என்பதற்கு இடம் குறிக்கப்படாததால், பேருந்து நிறுத்தத்தை மறித்து நிற்கிறார்கள். போக்குவரத்துக் காவலர் வந்தால் பாதியில் ஏறிய பயணியோடு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். மூன்று பேருக்கான ஆட்டோவில் ஓட்டுநரின் இருபுறமும் ஆளை உட்காரவைத்து ஆறு பேரை ஏற்றுகிறார்கள். எந்தக் கட்டணப் பட்டியலும் ஒட்டப்படாததால், மழை பெய்தால் ஒரு விலை, இரவு பத்து மணிக்கு மேல் ஒரு விலை. சென்ற ஆண்டு ஒரு மழைநாள் இரவில், நான் ஏறிய வண்டியின் ஓட்டுநர் பாதி வழியில் கட்டணத்தை இரட்டிப்பாக்கியபோது, கையில் அவ்வளவு பணமில்லாத கல்லூரி மாணவி ஒருத்தி இருட்டில் இறங்கிக்கொள்ள நேர்ந்தது. நானும் உடனிருந்த இன்னொருவரும் அந்தப் பணத்தைக் கொடுத்து அவளை மறுபடி ஏறச்செய்தோம். நாங்கள் இல்லாதிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்ற எண்ணம் இன்றும் என்னைவிட்டு அகலவில்லை. அந்த ஓட்டுநரைத் தண்டித்துவிட்டால் இது தீர்ந்துவிடாது. ஒரு கட்டணம் எழுதப்பட்டிருந்தால் அதைக் காட்டி அந்தப் பெண்ணே கேட்டிருப்பாள்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வாடகை வண்டிகளை, ஒட்டுமொத்தமாகப் பேசி எடுக்கும் காண்ட்ராக்ட் கேரேஜ் என்றும், தனித்தனிக் கட்டணத்தில் வழியில் ஏற்றி இறக்கிச் செல்லும் ஸ்டேஜ் கேரேஜ் என்றும் பிரிக்கிறது. ஆறு பயணிகள் வரை ஏற்றும் வாடகைக் காரும், பன்னிரண்டு பேர் வரை ஏற்றும் மேக்ஸி கேப் வண்டியும் பயணிகளிடம் தனித்தனியாகக் கட்டணம் வாங்கினாலும் காண்ட்ராக்ட் கேரேஜ் வகையிலேயே சேரும் என்று அதன் இரண்டாம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அதாவது, இருக்கைக்கு இவ்வளவு என்று வாங்குவதைச் சட்டம் குற்றமாகக் கருதவில்லை. வழியில் நிறுத்தி ஒப்பந்தத்தில் சேராத புதிய ஆளை ஏற்றுவதுதான் சிக்கல். ஷேர் ஆட்டோ என்பதன் உயிர்நாடியே அதுவாக இருப்பதால், ஓட்டுநர் எந்நாளும் அபராதத்துக்கு அஞ்சியே தொழில் செய்யவேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் திறவுகோலும் அதே சட்டத்தில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 67ஆம் பிரிவோடு மூன்றாம் உட்பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. சட்டத்தின் ஏனைய பகுதிகள் எவ்வாறு இருந்தாலும், மாநில அரசு அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு, பர்மிட்டுகளை மாற்றியமைக்கலாம். பயணிகள் போக்குவரத்துக்கெனத் தனித் திட்டங்கள் வகுத்து அவற்றின்கீழ் உரிமங்கள் வழங்கலாம் என்று அது கூறுகிறது. எந்த நோக்கங்களுக்காக அப்படிச் செய்யலாம் என்பதையும் அது வரிசையாகச் சொல்கிறது: கடைசிக் கட்டப் பயண இணைப்பு, ஊரகப் போக்குவரத்து, நெரிசலைக் குறைத்தல், இருக்கும் வாகனங்களை நன்கு பயன்படுத்துதல், மக்கள் எளிதில் போய்வரும் வசதியைப் பெருக்குதல், சுற்றுச்சூழல் பாதுகாப்பு, எரிபொருள் சிக்கனம், வெவ்வேறு போக்குவரத்து வகைகளை ஒன்றோடொன்று இணைத்தல். நான் இந்தக் கடிதத்தில் கேட்கும் ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. புதுச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. ஓர் அறிவிக்கை போதும்.

பிற மாநிலங்களில் இதற்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. மும்பையில் சர்ச்கேட் ரயில் நிலையத்தை விட்டு இறங்குபவர்கள் நரிமன் பாயிண்ட் செல்ல ஷேர் டாக்ஸியில் வரிசையாக ஏறுவது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அந்நகரின் ஷேர் ஆட்டோ நிறுத்தங்களில் இருக்கைக்கான கட்டணத்தைப் போக்குவரத்து அதிகாரிகளே அங்கீகரிக்கிறார்கள். கொல்கத்தாவில் ஆட்டோ என்றாலே வழித்தடம் குறிக்கப்பட்ட ஷேர் ஆட்டோதான். நான்கு பேர் ஏறியதும் புறப்படும், இடையில் இறங்கினால் அதற்கென ஒரு கட்டணம். அங்குள்ள உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 2009 வாக்கில் புகை கக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்கள் அகற்றப்பட்டு எல்.பி.ஜி. வண்டிகள் வந்தபோது, வழித்தடமும் சங்கமும் ஏற்கெனவே ஒழுங்குபட்டிருந்ததால் அவ்வளவு பெரிய மாற்றத்தை அந்த நகரம் தாங்கிக்கொண்டது என்று நான் கருதுகிறேன். தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் வண்டிகளைவிட, ஒரு வழித்தடத்தில் ஒரு நிறுத்தத்தில் சேர்ந்து ஓடும் வண்டிகளை மாற்றுவது எளிது. நம் தமிழ்நாட்டிலேயே 1997இல் தொடங்கிய சிற்றுந்துத் திட்டம், பெரிய பேருந்து நுழையாத சிற்றூர்களுக்குத் தனியார் வண்டிகளை வழித்தடமும் கட்டணமும் குறித்து அனுப்பிவைத்தது; 2025இல் அது விரிவாக்கப்பட்டது. சிற்றுந்துக்குச் செய்ததை ஏழு பேர் அமரும் வண்டிக்கும் ஆட்டோவுக்கும் செய்ய இயலாது என்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

செயலிவழி கார் நிறுவனங்கள் நடத்திவந்த பகிர்வுச் சவாரியையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஒரே திசையில் செல்லும் முன்பின் அறியாத இருவரை ஒரே காரில் சேர்த்து, கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்த அந்த முறை, 2020 மார்ச்சில் பெருந்தொற்றின்போது நிறுத்தப்பட்டது. தொற்று ஓய்ந்து ஆண்டுகள் கடந்தும், முன்னிருந்த அளவில் அது மக்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அடுத்து, சொந்தக் கார்களைப் பற்றி. எங்கள் குடியிருப்பிலேயே, ஒரே தளத்தில் வசித்து ஒரே அலுவலக வளாகத்துக்குச் செல்லும் மூவரிடம், ஆளுக்கொரு வாரம் ஒரு காரை எடுத்துச் சேர்ந்து போகலாமே என்று சொல்லிப் பார்த்தேன். இருவர் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவரிடம் கார் இல்லை. பெட்ரோலுக்குத் தன் பங்கைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அங்கேதான் பேச்சு நின்றுபோனது. பணம் வாங்கினால் ஓன் போர்டு (சொந்தப் பயன்பாட்டு) வண்டியை டி போர்டு (வாடகை) வண்டிபோல ஓட்டியதாக ஆகிவிடாதா, வழியில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடாதா என்று கார் வைத்திருந்தவர் கேட்டார். அவர் அச்சம் வீணானதன்று. தனியார் கார்களுக்கான காப்பீட்டுப் பத்திரத்தில், வாடகைக்கோ ஊதியத்துக்கோ ஓட்டினால் காப்பீடு செல்லாது என்ற நிபந்தனை இருக்கத்தான் செய்கிறது. பெட்ரோல் செலவைப் பங்கிடுவது வாடகையா, இல்லையா என்பதற்குச் சாதாரண மனிதருக்குப் புரியும்படியான விடை எங்கும் எழுதப்படவில்லை.

2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இதற்கு ஒரு வழி காட்டின. மாநில அரசு தடை செய்யாதவரை, ஓன் போர்டு கார்களிலும் செயலிவழியாகச் சேர்ந்து பயணம் செய்யலாம். நகருக்குள் நாளொன்றுக்கு நான்கு முறை, ஊர்களுக்கிடையே வாரத்துக்கு இரண்டு முறை என்பது உச்சவரம்பு. பெண்கள் விரும்பினால் பெண்களோடு மட்டுமே சேர்ந்து செல்லும் வசதி தரப்பட வேண்டும் என்றெல்லாம் அவற்றில் இருந்தது. இதை மாநில அளவில் தெளிவான விதியாக்கினால், எங்கள் மூன்றாமவரைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் காலை நேரத்தில் சாலையோரம் நிற்க வேண்டியதில்லை. செயலியே இல்லாமல், ஒரே குடியிருப்பிலோ ஒரே அலுவலகத்திலோ உள்ளவர்கள் எழுதிவைத்துக்கொண்டு பகிர்வதற்கும் அந்த விதி இடம்தர வேண்டும். ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்கு நடுவில் ஒரு நிறுவனம் தரகு எடுக்க வேண்டிய தேவை என்ன இருக்கிறது?

டாக்ஸி ஓட்டுநர்கள் இதை எதிர்ப்பார்கள் என்பதை நான் அறிவேன். 2023இல் பெங்களூரில் ஓன் போர்டு கார்களின் பகிர்வுப் பயணத்தைப் பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்தது அதனால்தான். வரி கட்டி, பர்மிட் எடுத்து, குறித்த காலத்தில் எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்று) காட்டி, வாங்கிய கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் பிழைப்பில், எதுவும் கட்டாத ஒருவர் பங்குக்கு வருவதை அவர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. எனவே பகிர்வு என்பது செலவைப் பங்கிடுவது மட்டுமே, அதில் ஒரு ரூபாய்கூட இலாபம் இருக்கக்கூடாது என்பதை விதி உறுதிப்படுத்த வேண்டும். கிலோமீட்டருக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது, அந்தத் தொகையை ஏறியவர்கள் அனைவரும் காரோட்டுபவர் உட்பட சமமாகப் பங்கிட வேண்டும், தாம் எப்படியும் செல்லவிருந்த பாதையில் மட்டுமே ஆளை ஏற்றலாம் என்று எழுதிவிட்டால், அதைத் தொழிலாக நடத்த எவருக்கும் ஆசை வராது. ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்களுக்கு நியாயமான கட்டணத்தைத் திருத்தியமைத்துத் தருவதும், அவர்களுக்கு ஷேர் வழித்தடங்களில் முதலுரிமை தருவதும் இந்த விதியோடு சேர்ந்தே வரவேண்டும். 2013ஆம் ஆண்டுக் கட்டணத்தில் அவர்களை நிறுத்திவைத்துவிட்டு மற்றவர்களுக்குச் சலுகை அறிவிப்பது முறையாகாது.

மின்சாரத்தைப் பற்றி முன்னர் சொன்னதை இங்கே தொடர்கிறேன். மின்கலத்தில் ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்கு பர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018லேயே விலக்களித்துவிட்டது. 2019 ஆகஸ்டிலிருந்து மின்சார வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. ஐந்து விழுக்காடுதான். தமிழ்நாடு அரசும் தன் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கையில் சாலை வரி விலக்கு முதலிய சலுகைகளை அறிவித்தது. இவை அனைத்தையும் வரவேற்கிறேன். ஆனால் ஒரு நாளில் 30 கிலோமீட்டர் ஓடி, மீதி நேரமெல்லாம் நிழலில் நிற்கும் சொந்தக் காருக்குக் கிடைக்கும் வரிவிலக்கு, ஒரு நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி நூற்றுக்கணக்கானோரை ஏற்றி இறக்கும் ஷேர் வண்டிக்குக் கிடைக்கும் வரிவிலக்கைப் போல ஊருக்குப் பயன்படுமா? பொதுப்பணத்தில் ஒரு ரூபாய் மானியம் எங்கே அதிகப் புகையைக் குறைக்கும் என்று பார்த்துச் செலவிடுவதே சிக்கனம். ஷேர் வண்டி நிறுத்தங்களிலும் ரயில் நிலைய வாகன நிறுத்துமிடங்களிலும் சார்ஜ் ஏற்றும் வசதி செய்து, காலை நெரிசல் முடிந்து மதியம் ஓட்டுநர் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் நேரத்தில் வண்டிக்கும் மின்சாரம் கிடைக்கச் செய்தால், ஒரே மின்கலத்தில் நாள் முழுதும் ஓட்ட முடியாது என்ற தயக்கம் பெருமளவு நீங்கும். என்னிடம் பேசிய ஓட்டுநர்களில் பலர் வண்டியின் விலைக்கு அடுத்தபடியாகச் சொன்ன குறை இதுதான்.

இனி, என் மனத்தை மிகவும் அழுத்தும் செய்திக்கு வருகிறேன். என் தமக்கையாருக்கு அறுபத்தொன்பது வயது. மூன்றாண்டுகளுக்கு முன்பு பக்கவாதம் தாக்கியதில் வலது காலும் கையும் செயலிழந்தன. இப்போது மடக்கு சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். வாரம் இரண்டு முறை இயன்முறைச் சிகிச்சைக்கு ஆறு கிலோமீட்டர் அழைத்துச் செல்கிறேன். செயலியில் கார் பதிவு செய்தால், வந்து நிற்கும் வண்டி பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் ஓடும் சி.என்.ஜி. வண்டியாக இருக்கும். காற்றுக்கு நல்லதுதான், ஆனால் டிக்கியில் பாதிக்கு மேல் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருப்பதால் மடக்கிய நாற்காலிகூட உள்ளே நுழையாது. முன்னிருக்கையில் நாற்காலியைத் திணித்து, பின்னிருக்கையில் தமக்கையாரைச் சாய்த்து, அவரை நான் தாங்கிப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். நாற்காலியைப் பார்த்ததும் சவாரியை ரத்து செய்துவிட்டுப் போனவர்களும் உண்டு. இறங்கிவந்து தாமே தூக்கி அமரவைத்துவிட்டு, கூடுதலாகக் கொடுத்த பணத்தை வாங்க மறுத்தவர்களும் உண்டு. மேஜிக் வண்டியின் படி முழங்காலுயரம். ஷேர் ஆட்டோவில் ஏற்றுவதை நினைத்துக்கூடப் பார்க்க இயலாது. ஆக, ஊரில் எல்லோரும் முப்பது ரூபாயில் போகும் தூரத்துக்கு, நடக்க முடியாத அவருக்கு ஒவ்வொரு முறையும் போக வர ஐந்நூறு, அறுநூறு ரூபாய் ஆகிறது. மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2021 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதனால் பயனடையாத ஒரே பெண் அவர்தான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, எல்லா வகைப் போக்குவரத்தையும் மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி செய்யவேண்டிய கடமையை அரசுமீது வைக்கிறது. கட்டுப்படியாகும் செலவில் அவர்கள் நடமாடுவதற்கு ஊக்கத்தொகை, சலுகை, வாகனங்களை மாற்றியமைத்தல் ஆகியவற்றுக்கான திட்டங்களையும் வகுக்கச் சொல்கிறது. 2024 முதல் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியிருப்பது பெரிய முன்னேற்றம். ஆனால் வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையிலான ஒன்றரைக் கிலோமீட்டரில் நடைபாதை இல்லாத இடத்தில், தாழ்தளப் பேருந்து எங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் போகும் வண்டியாகவே இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது சிறிய வண்டிதான்.

புதிதாக உரிமம் பெறும் ஷேர் வழித்தடம் ஒவ்வொன்றிலும், சாய்தளத்தோடு சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றக்கூடிய வண்டிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவிட வேண்டுகிறேன். மின்சார வண்டிகளை இதற்கேற்ப வடிவமைப்பது ஒப்பீட்டளவில் எளிது. மின்கலத்தைத் தரைக்கு அடியில் வைத்தால் பின்பக்கம் காலியாகக் கிடைக்கும். 2025 மகளிர் நாளன்று தொடங்கப்பட்ட இளஞ்சிவப்பு ஆட்டோ திட்டத்தில், பெண் ஓட்டுநர்களுக்கு ஆட்டோ வாங்க ஒரு லட்ச ரூபாய் மானியம் தரப்படுகிறது. அதே வகையில், சாய்தளம் பொருத்திய மின்சார வண்டி வாங்க முன்வரும் ஓட்டுநருக்கு மானியம் கொடுத்து, நாற்காலிப் பயணியை ஏற்ற ஆகும் கூடுதல் நேரத்துக்கு ஒரு சிறு தொகையை அரசே ஈடுசெய்துவிட்டால், எந்த ஓட்டுநரும் நாற்காலியைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகமாட்டார். மனம் இல்லாமல் எல்லோரும் மறுப்பதில்லை. பத்து நிமிடம் நின்றால் அன்றைய வருமானத்தில் குறையும் என்பதால் மறுப்பவர்களே மிகுதி என்பது, அவர்களோடு பேசிப் பழகியதில் எனக்குத் தெரிந்தது.

சென்னைப் பெருநகரத்துக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் ஒன்று, 2010ஆம் ஆண்டின் சட்டப்படி, முதலமைச்சரைத் தலைவராகக் கொண்டு இயங்கிவருகிறது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றுக்கு ஒரே பயணச்சீட்டு பெறும் செயலி 2025 செப்டம்பரில் வந்தபோது, பல ஆண்டுக் கனவு நனவானதாக மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஷேர் வண்டிகளின் வழித்தடங்களும், அவை நிற்கும் இடங்களும், இருக்கைக் கட்டணமும், நாற்காலி ஏறும் வண்டி எப்போது வரும் என்பதும் அதே செயலியில் இடம்பெற வேண்டும். கைப்பேசியில் பார்க்கத் தெரியாதவர்களுக்காக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு கட்டணப் பலகையும் வேண்டும். இரவுக் கட்டணத்தையும் அதிலேயே எழுத வேண்டும். சோதனை முயற்சியாக ஒரே ஒரு வழித்தடத்தில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம். தாம்பரம்–மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் பாதையை நான் முன்மொழிவது, என் வீடு அந்தப் பாதையில் இருப்பதால் மட்டுமன்று. ஒரு முனையில் புறநகர் ரயிலும் மறுமுனையில் அலுவலகங்களும் இருக்க, நடுவே அடர்ந்த குடியிருப்புகள் உள்ள அந்தப் பாதையில் காலையிலும் மாலையிலும் இரு திசையிலும் பயணிகள் இருப்பார்கள், வண்டி காலியாகத் திரும்பவேண்டியிருக்காது.

இந்தப் பாதையில் ஷேர் வண்டிகள் இப்போது நிற்கும் இடங்களையும், நிறுத்தம் அமைக்கப் போதிய அகலமுள்ள இடங்களையும், இடத்துக்கு இடம் வாங்கப்படும் கட்டணத்தையும் நானும் எங்கள் பகுதி நண்பர்கள் சிலரும் நடந்தே சென்று குறித்து, ஒரு கைவரைபடமாகத் தயாரித்திருக்கிறோம். ஓட்டுநர்கள் பலர் தங்கள் வரவுசெலவைச் சொல்லி உதவினார்கள். அதன் படியைக் குழுமத்துக்கும் போக்குவரத்துத் துறைக்கும் இந்த வாரம் அனுப்பிவைத்திருக்கிறோம். தங்கள் நிருபர் எவரேனும் காலை எட்டு மணிக்கு வந்தால், அந்தப் பாதை நெடுகிலும் உடன்வந்து காட்ட நான் காத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
சேலையூர், சென்னை.